மூன்றாவது டிக்கெட்

இந்த வருடம் வந்த படங்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். சீக்கிரம் முடிகிற பேச்சில்லை. ஒரு இயக்குநர் இருக்கிறார், அவர் படத்தில் யார் செத்தாலும் மழை பெய்யும். வெயில் நாளில் செத்தவர்கள் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது போலிருக்கிறது. இன்னொருவர் கதாநாயகனை மெதுவாக நடக்கவிடுகிறவர். அவன் வாசலிலிருந்து கார்வரை போய்ச் சேர்வதற்குள் நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் நடந்துகொண்டிருந்தான். புதிதாக ட்ரோன் கிடைத்த ஒருவர் புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட வானத்திலிருந்தே காட்டுகிறார். இரண்டு தலை வகிடுகள் சண்டை போடுவதைப் பார்க்கவா நான் வரிசையில் நின்றேன்?

பகலில் எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பவர் பார்ப்பேன், ஃப்ரேம் பொருத்துவேன், தளர்ந்த திருகை முடுக்கிக் கொடுப்பேன். மீதி நேரமெல்லாம் சினிமா. இணையத்தில் ஒரு சேனல் வைத்திருக்கிறேன். முகம் காட்ட மாட்டேன், குரல் மட்டும்தான். சேனலின் பெயர் ‘மூணு டிக்கெட்’. ஒரு படத்தை மூன்று முறை பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்பது என் கொள்கை. முதல் டிக்கெட் கதைக்கு. இரண்டாவது டிக்கெட்டில் நடிகர்களைப் பார்க்கவே மாட்டேன். சுவர், மேசை, பின்னால் நடந்து போகிறவர்கள், இவற்றை மட்டும் பார்ப்பேன். மூன்றாவது டிக்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் காசு கொடுத்துத் தூங்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். கண்ணை ஏமாற்றுகிற இயக்குநர்கள் காதிடம்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது சொல்லப்போகிற படத்தை எடுத்தவர் என் அத்தான். முன்னாள் அத்தான் என்று சொல்ல வேண்டும். அக்காவும் அவரும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது.

கடையில் வேலை கிடைத்த புதிதில் நான் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கியிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவருக்கும் எனக்கும் சினிமாச் சண்டை நடக்காத நாள் கிடையாது. அக்கா நடுவில் உட்கார்ந்து, "தட்டுல இருக்கிறதைத் தின்னுட்டு அப்புறம் அடிச்சுக்கோங்க" என்பாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவரைப் பிடிக்கும். வீட்டில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய முதல் படம் வந்தபோது சேனலில் நான் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. "ஹீரோயின் அழறதைக் கண்ணை மூடிட்டுக் கேளுங்க. விக்கலுக்கு யாராவது தண்ணி குடுங்கன்னு தோணும்" என்று சொல்லிவிட்டேன். அது பரவி, ஊரே அந்த அழுகையைக் கேலி செய்தது. அவர் என் முன்னால் சிரித்தார். அப்புறம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிடும்போது அவராகவே கேட்டார்.

"சரி மேடம், நிஜ அழுகை எப்படி இருக்கும்? சொல்லுங்க, கத்துக்கறேன்."

நானும் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். "நிஜமா அழறவங்க அழகா அழ மாட்டாங்க அத்தான். நடுவுல மூச்சு நின்னுடும். அந்த மூச்சு நிக்கிற இடத்தை எந்த நடிகையாலயும் நடிக்க முடியாது."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இடது கையால் போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவருடைய இரண்டாவது படம் இந்த வருடம் வந்தது. ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். கதை என்று பார்த்தால், ஒரு ஓவியர். நல்லவர், வாயில்லாப் பூச்சி. அவர் மனைவி காரணமில்லாமல் அழுவாள், காரணமில்லாமல் கோபித்துக்கொள்வாள், கடைசியில் காரணமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடுவாள். ஓவியர் தாடி வளர்ப்பார். எங்கள் வீட்டுக் கதையில் அவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, காரணங்களை மட்டும் கவனமாகக் கழற்றிவிட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் முதல் டிக்கெட்டில் ஒரு காட்சி என்னையும் ஆட்டிவைத்தது. மனைவி குளியலறைத் தரையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு நிமிடம் அழுகிறாள். முகமே தெரியாது. "முகத்தைக் காட்டாத துணிச்சல்" என்று எல்லாரும் எழுதியது அதைப் பற்றித்தான். நானும் அழுதேன். அழுததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது டிக்கெட்டில் அந்தக் குளியலறையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நீலப் பக்கெட், தேய்ந்த மிதியடி, மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது டிக்கெட் புதன்கிழமை மதியக் காட்சி. கூட்டமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். குளியலறைக் காட்சி வந்தது. அழுகைக்குப் பின்னால் ஒரு ஃபேன் ஓடியது. காற்றை வெளியே தள்ளுகிற சுவர் ஃபேன். ஐந்து சுற்றுக்கு ஒரு தரம், ஆடி ஆடிச் சுற்றிய அதன் வளைந்த இறக்கை கம்பி வலையில் பட்டு, டக் என்றது. மறுபடி ஐந்து சுற்று, டக்.

நான் கண்ணைத் திறந்தேன். திரையில் ஜன்னல்தான் இருந்தது, ஃபேன் இல்லை.

அந்த ஃபேனோடு இரண்டரை வருடம் குளித்தவள் நான். பல் தேய்த்துக்கொண்டே அந்த டக்கை எண்ணுவேன். ஆள் கூப்பிட்டு இறக்கையை நிமிர்த்தச் சொல்லி அக்கா அவரிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். மறுபடி கண்ணை மூடினேன். இந்தத் தடவை அழுகையைக் கேட்டேன். மூச்சு ஒரு இடத்தில் நின்றது. நின்று, ஒரு சின்ன இருமலோடு திரும்ப வந்தது. சின்ன வயதிலிருந்து அப்படி அழுகிற ஒரே ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அந்த நாளும் எனக்குத் தெரியும். அக்காவுக்கு அப்போது நாலாவது மாதம். காலையில் வயிறு வலிக்கிறது என்றவள் மதியம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மனசு கேட்காமல் நான் கடையிலிருந்து ஓடிவந்தபோது அத்தான் நடையில் கதவோரமாக நின்றிருந்தார், கையில் போன். "டாக்டரா?" என்று ஜாடையில் கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். டாக்டர் லைனில் இருக்கிறார் போல, பாவம், பதறாமல் எவ்வளவு பொறுமையாக நிற்கிறார் மனுஷன் என்று நினைத்தபடி நான்தான் டாக்சியைக் கூப்பிட்டேன். போனை அவர் காதில் வைத்திருக்கவில்லை. அதன் அடிப்பக்கம், பேசுகிற பக்கம், கதவு இடுக்கை நோக்கி இருந்தது. அன்றைக்கு அது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு வந்த பெண், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள். அந்த ஆளைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. மிதிப்பதற்குக் கால் போதாது, வேறு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது.

பிரிந்த பிறகு அக்காவும் நானும் இரண்டு அறை வீடு ஒன்றில் இருக்கிறோம். அக்கா புதுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் போனபோது சிவப்புப் பேனாவோடு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அக்கா, அவர் படத்துல வர்ற அழுகை உன்னோடது."

"என்னோடதுன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், இருமல், நடை, போன். அக்கா பேனாவை மூடி வைத்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தனை நிமிஷம் வருது?"

"ரெண்டு."

"அவ்வளவுதானா? நான் ரொம்ப நேரம் அழுதேனே."

பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் அந்த ஆளை நாறடிக்கிறேன். சேனல்ல போட்டு உடைக்கிறேன். போடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"ஸ்கூல்ல நான் யாரோட பொண்டாட்டியா இருந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கணக்கு டீச்சர், அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? அந்த அழுகைக்குப் பேர் இல்ல. இல்லாமலே இருக்கட்டும்."

"அப்ப அவரை அப்படியே விட்டுடறதா?"

"அவருக்காக இல்ல, எனக்காக விட்டுடு."

"சரி" என்றேன். வாய்தான் சொன்னது. அந்த வாரம் கடையில் இரண்டு பேருக்குத் தப்பான பவர் எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திரைப்படச் சங்கத்தில் அந்தப் படத்தைப் போட்டு, முடிந்ததும் இயக்குநரோடு உரையாடல் என்று அறிவித்திருந்தார்கள். அக்கா விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக வெளியூர் போயிருந்தாள். திரும்பி வர வியாழன் ஆகும். முகாமில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன், அக்கா என்ற வார்த்தையே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அழுகை நடிகையுடையது இல்லை என்று மட்டும் அம்பலப்படுத்தினால் போதும். பொய்யன் என்று பெயர் வாங்கட்டும்.

மேடையில் அவரும் அந்த நடிகையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் போட்டிருந்த கண்ணாடி நான் பொருத்திக் கொடுத்தது. இடது பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி அதைச் சரிசெய்துகொண்டார். மைக் என்னிடம் வந்தது.

"குளியலறைக் காட்சி பிரமாதம். அந்த அழுகையை எப்படி எடுத்தீங்க?"

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி அவர் நிமிர்ந்தார். "ஒரே டேக். நான் அவங்க எதிர்ல தரையில உக்காந்திருந்தேன். யூனிட்ல ஒருத்தர் கண்ணும் காயல. நடிக்க முடியாததை இவங்க நடிச்சாங்க."

கைதட்டல். நடிகை கைதட்டலுக்குத் தலை நிமிரவில்லை. மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னல்தான் இருக்கு. ஃபேன் சத்தம் எங்கிருந்து வருது?"

"அது சும்மா பின்னணிச் சத்தம். சேர்ப்போம்."

"அஞ்சு சுத்துக்கு ஒரு தரம் வலையில தட்டுதே, அதையும் சேர்ப்பீங்களா? அழுகை இவங்களோடதுதானா? இவங்களே சொல்லட்டும்."

அரங்கம் நடிகையைப் பார்த்தது. அவள் மூடியைத் திருகுவதை நிறுத்தினாள். "என்னோடது இல்ல. நான் அழுதேன், நல்லாத்தான் அழுதேன். தியேட்டர்ல பாத்தா வேற யாரோ அழறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. டப்பிங் ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, கிடைக்க வேண்டியது கிடைத்தாயிற்று. ஆனால் அவர் சிரித்தார். அந்தப் பழைய சாப்பாட்டு மேசைச் சிரிப்பு. மைக்கை எடுத்து, "மன்னிக்கணும். இவங்க என் முன்னாள் மனைவியோட தங்கச்சி. வீட்டுச் சண்டையைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. பாவம், விட்டுடுவோம்" என்றார். முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

அவ்வளவுதான், கோபத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆமா, வீட்டுச் சண்டைதான். அது எங்க வீட்டு பாத்ரூம். அழறது என் அக்கா. நாலு மாசக் குழந்தை கலைஞ்சு போன அன்னைக்கு உள்ள அவ அழுதிட்டிருந்தா, வெளியில இந்த ஆள் உதவிக்கு ஆளைக் கூப்பிடாம போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தார். நான் கண்ணால பாத்தேன்."

நாற்காலிகள் நகர்ந்தன, போன்கள் உயர்ந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவருக்கு நாலடிக்கு மேல் எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தடவித் தடவி மேடைப் படியில் இறங்கினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை. நான் அதை ஆற அமரப் பார்த்தேன். இந்த வருடம் நான் பார்த்த காட்சிகளிலேயே அதுதான் சிறந்தது. மழை இல்லை, இசை இல்லை, ட்ரோன் இல்லை.

திங்கட்கிழமை சேனலில் எல்லாவற்றையும் போட்டேன். ஊர் நம்ப வேண்டுமே, ஆதாரம் வேண்டுமே என்று படத்தின் அந்த இரண்டு நிமிட ஒலியையும் போட்டேன். "கண்ணை மூடிட்டுக் கேளுங்க" என்று சொல்லி, ஃபேன் தட்டுகிற இடங்களை எண்ணிக் காட்டினேன். அழுகையின் மூச்சு நிற்கிற இடத்தையும் காட்டினேன். மத்தியானத்துக்குள் யாரோ அவர்களுடைய கல்யாணப் போட்டோவைத் தோண்டி எடுத்துக் கீழே ஒட்டியிருந்தார்கள். என் சேனல் அதுவரை கண்டிராத கூட்டம். செவ்வாய்க்கிழமை படத்தை விருதுப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். புதன்கிழமை தியேட்டர்களிலிருந்தே எடுத்தார்கள். அவருடைய அடுத்த படத் தயாரிப்பாளர் தனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார். ஒவ்வொரு செய்தியையும் நான் இரண்டு தரம் படித்தேன்.

அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "நீ சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சேன்." அழித்துவிட்டேன். அழித்த பிறகும் அது கொஞ்ச நேரம் உறுத்தியது. அக்கா வரட்டும், முதலில் திட்டுவாள், அப்புறம் உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா கடைக்கு வந்தாள். முகாமிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போனவள். பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. முதலாளி வெளியே போயிருந்தார். பவர் பார்க்கிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் இல்லையாக்கா?"

"போனேன். வந்துட்டேன்."

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பத்தாவது கிளாஸ். போர்டுல ஒரு கணக்கு எழுதிட்டிருந்தேன். பின்னாடி யாரோ போன்ல எதையோ போட்டாங்க. முதல்ல எனக்கு அடையாளமே தெரியல. யாரு இப்படி அழறாங்கன்னு திரும்பினேன். நாப்பது பிள்ளைங்களும் என்னையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் ஃபேன் தட்டிச்சு."

"அந்தப் படத்தை எல்லா இடத்திலயும் எடுத்துட்டாங்களே, எப்படி…"

"படம் இல்ல. அழுகைக்கு முன்னாடி உன் குரல் வந்துது. கண்ணை மூடிட்டுக் கேளுங்கன்னு."

அந்த வீடியோவை உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆயிரம் பேர் அதை வெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "உனக்காகத்தானேக்கா செஞ்சேன். அந்த ஆள் பண்ணினதுக்கு இப்ப அனுபவிக்கிறார். இனிமே ஒருத்தரும் அவருக்குப் படம் குடுக்க மாட்டாங்க" என்றேன்.

அக்கா அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, கயிற்றைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். அதற்கப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் என்னைக் கேக்கல. நீ கேட்ட. நான் வேண்டாம்னு சொன்னேன்."